சைக்கிள் பூட்டு

கேஸ் தோங்கை ஜன்னல் கம்பியோடு சேர்த்து
சைக்கிள் பூட்டு போட்டிருக்கிறாள் அம்மா.
போன வருசம், தைப்பூசத்துக்கு மறுநாள்,
குழம்பு கொதிக்கையில் குளிக்கப் போனவள்
ஈரத் தலையோடு திரும்பி வந்தபோது
அடுப்பு இருந்தது, சட்டி இருந்தது,
தோங் இல்லை.

இருபது வெள்ளிக்கு விற்றிருந்தான்.
அதைச் சொன்னதும் அவன்தான்.
"இருபதுதான்மா குடுத்தான், ஏமாத்திட்டான்" என்று
எங்களிடமே வந்து முறையிட்டான்.

பகாவ் டவுனில் எல்லாருக்கும் தெரியும்
குணாளன் வீடு எதுவென்று.
யாரும் எதுவும் கேட்பதில்லை.
கேட்காமல் இருப்பதற்கென்றே
ஒரு குரல் வைத்திருக்கிறார்கள்:
"அம்மா சௌக்கியமா?"
அந்தக் கடைசி "மா"வின் இழுப்பில்
சாபு, லாக்கப், அடகுக்கடை எல்லாம் அடக்கம்.

அம்மாவின் கூட்டுப் பணம்
குளிர்பெட்டியில், கெம்போங் மீனுக்கு அடியில்.
மாதம் பிறந்து நோட்டைக் கொடுத்தால்
கமலேஸ்வரி அக்கா முகர்ந்து பார்க்கிறாள்,
பிறகு சிரிக்காமல் எண்ணுகிறாள்.

அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர்.
முப்பது வருசம் தோளில் வீடு வந்த அரிவாளை
இப்போது தோட்டத்து ஸ்டோரிலேயே விட்டு வருகிறார்.
யாருக்குப் பயந்து என்று கேட்கவில்லை.
அவனுக்கா,
தன் கைக்கா.

நான் கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட்.
பகலில் தூங்கவேண்டியவள்,
காதை மட்டும் வாசலில் விட்டுப் படுக்கிறேன்.
மோட்டார் இருந்தவரை மோட்டார் சத்தம்.
அதை விற்ற பிறகு செருப்புச் சத்தம்.
செருப்பும் போன பிறகுதான் கஷ்டம்:
வெறுங்காலுக்குச் சத்தம் கிடையாது.

ஒருமுறை நின்றான்.
முனியாண்டி கோயிலில் கற்பூரம் அடித்து
மூன்று வாரம்.
வேலிக்குப் பச்சை பெயின்ட் அடித்தான்.
எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்,
ரசம் கேட்டு வாங்கினான்.
பூட்டைக் கழற்றி அம்மா அலமாரியில் வைத்தாள்.
எல்லாவற்றிலும் கொடுமை அந்த மூன்று வாரம்தான்.
அவன் இருமினால் சந்தேகம்,
சிரித்தால் சந்தேகம்,
கழிவறையில் நேரமானால்
மூவரும் டிவியின் சத்தத்தைக் குறைப்போம்.
நாலாவது வாரம்
மீதி பெயின்ட் டின்னைக் காணவில்லை.
வேலி இன்றும் பாதிதான் பச்சை.

செத்துத் தொலையட்டும் என்று
ஒருநாள் பஸ்ஸில் நினைத்தேன்.
நினைத்து முடிப்பதற்குள்
சின்ன வயதில் என் பள்ளிப்பையையும் சேர்த்து
இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு
லயத்து ஒற்றையடிப் பாதையில் முன்னால் நடந்தவன்
திரும்பிப் பார்த்தான்.
நான் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

போன புதன்கிழமை பாலாயிலிருந்து போன்.
யூரின் பாசிட்டிவ்.
ஜாமீனுக்கு வருகிறீர்களா என்றார்கள்.
அப்பா போனை வாங்கி
"தாக் ஆடா டுவிட், துவான்" என்று மட்டும் சொன்னார்.
மீனுக்கு அடியில் எண்ணூறு வெள்ளி இருந்தது.
அம்மா அழுதாள்.
அழுதுகொண்டே சாதம் போட்டாள்.

அன்றிரவு எனக்கு ஓய்வுநாள்.
தூங்கினோம்.
மூவரும் தூங்கினோம்,
கதவைக்கூடச் சரியாகத் தாழிடாமல்,
வாய் பிளந்து, குறட்டை விட்டு,
வருசக்கணக்கில் பாக்கி வைத்திருந்த தூக்கம்.
விடிந்து எட்டு மணிக்கு
வெயில் பாயில் ஏறியபோதுதான் விழித்தோம்.
அப்பா முதல்முறையாகப் பெரட்டுக்குப் போகவில்லை.
காப்பி குடிக்கையில்
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை,
திருட்டுச் சாமானைப்
பங்கு போட்டுக்கொண்டவர்கள் மாதிரி.

வெள்ளிக்கிழமை தோங் மாற்ற ஆ செங் வந்தான்.
பழக்கத்தில் கையை நீட்டினான், சாவிக்கு.
தாலிக்கயிற்றில் கோத்திருந்ததை
அம்மா குனிந்து கழற்றிக் கொடுத்தாள்.
பழையது போனது, புதியது வந்தது.
அவன் லோரி தெருமுனை திரும்பியதும்
அம்மா மறுபடி சங்கிலியை இழுத்துக் கோத்தாள்.

"இனிமே எதுக்கும்மா?"

"வருவான்ல" என்றாள்.

பூட்டிவிட்டு
இழுத்துப் பார்த்தாள்,
இரண்டு முறை.